எதிர் நாற்காலி

தங்கை தலையாட்டும் விதம் சரியில்லை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே நடுப்பகல் கொளுத்திக்கொண்டிருந்தாலும் உள்ளே ஏசியின் உறுமலும், சூடேறிய கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக் வாசனையும், தரைவிரிப்பில் ஊறிப்போன ஈர நெடியும்தான். எடிட்டரான அக்கா அங்கே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பேட்டிக்காக வாடகைக்கு எடுத்த வீட்டிலிருந்து நெட் வழியாக ஒவ்வொன்றாக வந்து இறங்கும் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிருபராகப் போயிருந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை. மாலைச் செய்திக்குள் பேட்டி தயாராக வேண்டும்.

வழக்கமான வேலை. ஒரே கேமராவோடு போகிறவர்கள் முதலில் பேட்டி கொடுப்பவரை மட்டும் எடுப்பார்கள். அவர் எழுந்து போனதும் கேமராவை அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, எதிரே நிருபரை உட்காரவைத்து, காலி நாற்காலியைப் பார்த்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கச் சொல்வார்கள். கேட்டுவிட்டு இரண்டு தடவை தலையாட்டினால் போதும். வெட்டி ஒட்டியபின் இருவரும் முகத்துக்கு முகம் பேசிக்கொண்டது போலவே இருக்கும். தங்கைக்கு இந்தப் பகுதி பிடிக்காது. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொண்டு கடகடவென்று முடித்துவிடுவாள்.

இன்று அவள் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நடுவில் ஒருமுறை புருவத்தைச் சுருக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, குறுக்கே பேச வேண்டாமென்று அடக்கிக்கொண்டாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னபோதுகூடச் சிரித்துக் கெடுத்தவள் அவள். நடிப்பு அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

பேட்டி கொடுத்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் பராமரித்த மருத்துவமனை லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்ததில் ஒரு நர்ஸும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமியும் இறந்துபோனார்கள். காலையில் அவருடைய பகுதி வந்து சேர்ந்தவுடனே தங்கை போன் செய்திருந்தாள்.

“கயிறை செக் பண்ணீங்களான்னு கேட்டேன்ல, அதுக்கு அந்த ஆள் பதில் சொல்ற இடத்தைத் தூக்கிடுக்கா.”

“மோசமா இருக்குன்னு சொன்னேன், நிர்வாகம்தான் ஓட்டச் சொன்னாங்கன்னு சொல்றாரேடி. அதையா தூக்கச் சொல்ற?”

“அதையேதான். அப்புறம் தண்ணி கேட்டு எச்சில் முழுங்குறாரு பாரு, அதை எடுத்து இந்தக் கேள்விக்குப் பின்னாடி வை. மிச்சத்தை ஜனங்க பார்த்துக்குவாங்க.”

“பாவம்டி.”

“ரொம்பப் பாவமா இருந்தா சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைச்சு விட்டுட்டு வா. இப்ப வேலையைப் பாரு.”

அக்கா வேலையைப் பார்த்தாள். கேமராவை உயரத்தில் ஏற்றி, மேலிருந்து கீழே பார்த்து எடுத்திருந்ததால் ஆறடி மனிதர் முட்டி போடவைத்த மாணவனைப் போலக் குறுகித் தெரிந்தார். விளக்கைத் தாழ வைத்ததில் அவர் கண்களைச் சுற்றிக் கறுப்பு அப்பியிருந்தது. கேள்வி. மௌனம். எச்சில் இறங்கும் தொண்டை. பார்க்கிற யாரும் அவரை மன்னிக்க மாட்டார்கள்.

மெக்கானிக்குக்கும் புரிந்திருக்க வேண்டும். பேட்டியின் முடிவில் காலர் மைக்கைப் பிய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

“என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்? உள்ள இருந்தவங்களைக் கேளுங்க. இந்தா, நாற்காலியை விட்டுட்டேன். வந்து உட்காருவாங்க.”

“வரச் சொல்லுங்க சார்,” என்று தங்கையின் குரல் சிரித்தது. “லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு.”

வாசல் கதவு அறையும் சத்தம். பைக் கிளம்பிப் போகும் சத்தம்.

அடுத்த காட்சி வந்து இறங்கியது. மறுபடியும் தங்கையின் முகம். இந்தத் தடவை அவள் பார்வை தாழ்ந்திருந்தது. பார்வையின் உயரம் எடிட்டர்களுக்கு அத்துப்படி. எதிரே இருப்பவர் யாரென்று காட்டாமலே, அவர் எவ்வளவு உயரமென்று கேட்பவரின் கண் சொல்லிவிடும். முதல் காட்சியில் தங்கை பார்த்தது தன்னளவு உயரமுள்ள ஒரு பெண்ணின் முகத்தை. இப்போது பார்ப்பது நாற்காலியின் கைப்பிடிக்குச் சற்று மேலே. குழந்தைகளிடம் பேசும்போது வைத்துக்கொள்ளும் முகம்.

நாற்காலியில் கிடந்த மைக் அணைக்கப்படவில்லை. அதன் ஒலி உதவாது என்று அக்கா அதை மட்டும் அடக்கி வைத்திருந்தாள். இப்போது ஏற்றினாள்.

ஹாலில் பேசும் குரல் சுவரில் பட்டு, கொஞ்சம் பரவி, தாமதமாகத் திரும்பும். இந்த மைக்கில் தங்கையின் குரல் பரவவில்லை. இரும்புப் பெட்டிக்குள் பேசியது போல உடனே திரும்பி அவள் வாயிலேயே மோதியது. அதற்கு அடியில் மூச்சு. சின்ன நெஞ்சின் வேகமான மூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஏதோ ஒன்று மேலே நெரிபடும் முனகலோடு.

அக்கா தங்கையின் சொந்த மைக்குக்கு மாறினாள். அதிலும் இரும்பு.

செல்போன் அதிர்ந்தது. கேமராமேன். ஆபீஸில் எல்லோருக்கும் அவன் நெட்டை.

“அக்கா, நீங்க கொஞ்சம் பேசுங்க. மேடம் எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க.”

“ஷாட் முடியலையா?”

“எப்பவோ முடிஞ்சிருச்சு. கேமராவை மடக்கி வண்டியில ஏத்தியாச்சு. இவங்க மட்டும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கிட்டே இருக்காங்க. எங்களைக் கலாய்க்கிறாங்கன்னு முதல்ல சிரிச்சோம்.”

திரையின் ஓரத்தில் இன்னொரு காட்சி வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

“கேமரா ஓடுதாடா?”

“எப்படிக்கா ஓடும்? பேட்டரி என் பையில இருக்கு.”

காட்சி தானாகத் திறந்துகொண்டது. தங்கையை மேலிருந்து எடுத்திருந்தார்கள். எந்த ஸ்டாண்டும் எட்டாத உயரம். கீழிருந்து விளக்கு. கண்களைச் சுற்றிக் கறுப்பு. அவள் எதுவும் கேட்கவில்லை. அவளிடம் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மௌனம். அவள் தொண்டையில் எச்சில் இறங்கியது. அக்கா காலையில் திருடி ஒட்டிய அதே விழுங்கல். அதே நீளம்.

அக்கா தன் எடிட்டிங்குக்குத் திரும்பினாள். ஒட்டியதைப் பிய்த்தாள். வெட்டி எறிந்ததைத் தேடி எடுத்தாள். கேள்விக்குப் பின்னால் மெக்கானிக்கின் பதிலை வைத்தாள். மோசமா இருக்குன்னு சொன்னேன், நிர்வாகம்தான் ஓட்டச் சொன்னாங்க. முழுதாக. இருந்தபடியே.

“எழுந்துட்டாளா?”

“இல்லக்கா.”

“இப்ப?”

“இல்ல.”

“பிடிச்சுத் தூக்குங்கடா அவளை.”

“தூக்கிப் பார்த்தோம்க்கா. கனமே இல்ல. துணி மாதிரி இருக்காங்க. ஆனா நாற்காலியை விட்டு வரல.”

ஹெட்ஃபோனில் முனகல் நின்றது. டப் என்று ஒரு சத்தம். கயிறு போன சத்தம்.

கடைசிக் காட்சி.

தங்கை மட்டும். வெளிச்சக் கோடு ஒன்று அவள் மோவாயில் தோன்றி, மூக்கில் ஏறி, நெற்றி வழியாக மேலே போனது. இருட்டு. இன்னொரு கோடு. மோவாய், மூக்கு, நெற்றி. ஒவ்வொரு மாடியாக. இன்னும் வேகமாக.

“அக்கா,” என்றான் நெட்டை. “இங்க ஃபேன்கூட ஓடல. அவங்க தலைமுடி மேல எழும்புது.”

திரையிலும் எழும்பியது. ஒவ்வொரு இழையாக, செங்குத்தாக. கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளையாகின. தங்கையின் இடது கை கீழே தொங்கியது. அதன் விரல்களைச் சின்னதாக ஏதோ இறுகப் பற்றி, சதை வெளுக்கும்வரை நசுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்து, கேட்க வேண்டியதை இன்னும் கேட்டுக்கொண்டே, அவள் தலையாட்டினாள்.