பெயர் போட்ட நாற்காலிகள்

மூன்றாவது வரிசையில் ஏழாவது நாற்காலி மட்டும் இறங்கியே கிடந்தது.

ஆள் எழுந்தால் பட்டென்று மடிந்துகொள்ளும் பழைய சினிமாக் கொட்டகை நாற்காலிகள் அவை. உடம்பு ஒன்று உட்கார்ந்தால்தான் பலகை கீழே நிற்கும். கத்தரின் போய் அதைத் தூக்கி மடித்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பினாள். பின்னால் மெல்லிய கிறீச். பார்த்தால் மறுபடியும் இறங்கியிருக்கிறது!

"ஸ்பிரிங் போச்சு லா," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். காலி மண்டபத்தில் தன் குரல் கேட்டது அவளுக்கே பிடிக்கவில்லை.

மணி நாலுதான். ஆனால் குளுவாங் ஊரில் மழை கட்டினால் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் அந்த நாடக மண்டபத்தில் வௌவால் எச்சமும் புது வார்னிஷும் ஈரத் திரைத்துணியும் கலந்து ஒரு வாடை அடித்தது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

அந்தக் கூரையை மாற்றத்தான் இத்தனை பாடும். ஒரு குடும்பம் ஒரு நாற்காலிக்கு நன்கொடை கொடுத்தால், அதன் முதுகில் பித்தளைத் தகட்டில் பேர் பொறிப்போம் என்று யோசனை சொன்னதே கத்தரின்தான். அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஆளாளுக்குச் செத்துப்போனவர்கள் பேரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். உயிரோடிருக்கிறவனுக்கு நம் சனம் என்றைக்கு நாற்காலி போட்டது? கத்தரினும் ஏழாவதில் கணவன் பிரெட்ரிக் பேரைப் போட்டாள். பக்கத்தில் எட்டாவது மிஞ்சியது. மொட்டையாக விட மனசில்லாமல் மகள் ஃபெலிசியாவின் பேரைக் கொடுத்துவிட்டாள். ஒற்றைப் பிள்ளை, சிங்கப்பூரில் நர்ஸ். கத்தரினுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

வாசலில் தச்சர் சபாபதி குடையை உதறினார். உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான்... உங்க மகளுக்கு என்னாச்சு?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கா."

"இல்ல, நம்ம வீட்டுக்காரம்மா ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்திருந்தா. செத்தவங்க பேரு வாசிச்சப்ப உங்க மகள் பேரையும் வாசிச்சாங்களாம். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை."

கத்தரின் எட்டாவது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். நவம்பர் மாதப் பூசைக்கு இறந்தவர்கள் பட்டியல் கேட்டபோது, எல்லாம் அதே பேர்கள்தானே என்று நாற்காலிப் பட்டியலையே நகல் எடுத்துக் கொடுத்தவள் அவள். ஃபாதர் வாசிக்க வாசிக்க, பேர்களைக் கவனிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து செத்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டவளும் அவள்தான். ஐயோ, பெற்ற வாயாலேயே கேட்டுவிட்டாளே!

"அந்தத் தகட்டைக் கழட்டணும். இப்பவே. ஸ்குரூ டிரைவர் கொண்டாங்க!"

சபாபதி வேனுக்கு ஓடினார். கத்தரின் ஃபெலிசியாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டியூட்டியில் இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லி, போனை மேடைமேல் வைத்துவிட்டு, எட்டாவது நாற்காலியிடம் போனாள். மடிந்தேதான் இருந்தது. அப்பாடா!

கிறீச்.

பின் வரிசையில் ஒன்று இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, ஞாயிற்றுக்கிழமைச் சனம் அவசரமில்லாமல் வந்து உட்காருவதுபோல, பலகைகள் இறங்கிக்கொண்டே வந்தன. முதுகுகள் சாயும் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். கூரையில் மழை கொட்டியது.

எட்டாவது பலகை அசைந்தது.

கத்தரின் இரண்டு கையாலும் அதைப் பிடித்து மேலே தள்ளினாள். கீழே அழுத்தியது. முழங்காலை முட்டுக் கொடுத்தாள். கனம். இன்னும் கனம்.

மேடைமேல் போன் அடித்தது. திரையில் சிங்கப்பூர் எண். மகளுடையது இல்லை. கையை விட முடியாது. விட்டால் இறங்கிவிடும்.

"சபாபதி!"

மழைதான் கேட்டது.

போன் நின்றது. மீண்டும் அடித்தது. அவள் விரல்கள் வழுக்கின. ஏழாவது நாற்காலியில் யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

அப்புறம், கழுத்தோரம், மருந்து வாடையோடு ஒரு மூச்சு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சிணுங்கும் அதே குரல்.

"கைய எடுங்கம்மா. கால் வலிக்குது. உக்காரணும்."