பத்து மூச்சு எண்ணும் வரை

“இது இன்னாம்மே?”

தாயம்மாவின் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் எழில்மொழி அதை வாங்கக் கை நீட்டினாள். துணி அலமாரியில், மகள் கீர்த்தியின் பழைய ஸ்வெட்டருக்கு அடியில் அவள் ஒளித்து வைத்திருந்தது அது. மூச்சிரைப்புக்கு அடிக்கிற நீல நிறப் பம்ப்பு ஒன்று. அதைச் செருகுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாயின் மறுமுனையில் குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் சிறிய முகமூடி.

“அண்ணி… அது… கிளினிக்ல குடுத்தாங்க…”

“என் வூட்டுக்குள்ள பம்ப்பு வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? நான் வாங்கியாந்த மிஷினு இருக்க சொல்ல இந்த எழவு எதுக்கு? என் புள்ளய முழுங்குனது பத்தாதா? இதயும் முழுங்கணுமா?”

தாயம்மா, எழில்மொழியின் கணவன் குணசேகரனின் அக்கா. தாயில்லாத தம்பியைப் புளியந்தோப்பில் கூலி வேலை செய்து வளர்த்து ஆளாக்கியவள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அவளுடைய ஒரே மகன் நிலவன், ஐந்து வயதில், மூச்சிரைத்து இரைத்து அவள் மடியிலேயே இறந்து போனான். அப்போது அவள் கையில் இருந்தது இதே போன்றதொரு நீலப் பம்ப்பு. பம்ப்புதான் பிள்ளையைக் கொன்றது என்று அன்று முடிவு கட்டியவள், இன்று வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. கீர்த்திக்கு முதல் முறை வீசிங் வந்த மறுநாளே மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மிஷின் ஒன்றை வாங்கி வந்து, “எம் மருமவளுக்கு இதான்” என்று வைத்துவிட்டாள்.

தாயம்மா உடனே தம்பிக்குப் போன் போட்டாள். எண்ணூரில் சரக்கு ஏற்றுவதற்காக டிரெய்லர் லாரியோடு வரிசையில் நின்றிருந்த குணசேகரனின் குரல், ஸ்பீக்கரில் கரகரத்தது.

“எழிலு! அக்கா மனசு எப்டி இருக்கும்னு தெரியாதா உனக்கு? அதக் கேக்காம எதுனா பண்ணே… நான் மனுசனா இருக்க மாட்டேன்!”

“ஏங்க, நான் சொல்றத ஒரு நிமிஷம்…”

போன் துண்டிக்கப்பட்டது.

“இங்க வா.” தாயம்மா பாயில் உட்கார்ந்திருந்த கீர்த்தியைத் தூக்கி எழில்மொழியின் முன்னால் நிறுத்தினாள். நான்கு வயதுக் குழந்தை, ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. “புள்ள தல மேல கைய வச்சு சத்தியம் பண்ணு. இந்தப் பம்ப்ப இவளுக்கு அடிக்க மாட்டேன்னு சொல்லு!”

“அண்ணி, வேணாம்… புள்ள மேல வேணாம்…”

“பண்ணுன்றேன்ல!”

எழில்மொழியின் கை, மகளின் எண்ணெய் வைத்த தலையில் போய் உட்கார்ந்தது. “அடிக்க மாட்டேன்” என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

“இத நானே எடுத்துக்கினு போயி அந்த கிளினிக்குக்காரி மூஞ்சில வுட்டெறியறேன்!” என்று தாயம்மா பொட்டலத்தைத் தன் பையில் திணித்துக்கொண்டாள்.

எழில்மொழி அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பதில் சொல்லத் தெரியாமல் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பதில் தெரிந்ததால்தான் மூடிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் சில்வியா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். “மிஷினே வச்சிருந்தாலும் இது கூட இருக்கட்டும்மா. இதுக்குக் கரண்ட் வேணாம், எங்க போனாலும் எடுத்துட்டுப் போலாம். ஆனா குழா இல்லாம பம்ப்ப நேரா வாயில அடிக்காத. சின்னப் பசங்களுக்கு மருந்து நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கும், நெஞ்சுக்குள்ள சரியா போவாது. முகமூடிய நல்லா அழுத்திப் புடிச்சு, ஒரு தடவ அமுக்கு. பத்து மூச்சு எண்ணு. அப்புறம்தான் அடுத்தது.”

அதைக் கேட்டபோதே எழில்மொழிக்கு நிலவன் நினைவு வந்துவிட்டது. தாயம்மா எத்தனையோ முறை சொல்லி அழுத கதை அவள் காதில் ஒலித்தது. ‘பதினோரு தபா அடிச்சேன்மே… வாயத் தொறந்து பதினோரு தபா அடிச்சேன்… என் புள்ள போயிட்டான்…’ அந்த நாளில் யாரும் அவளிடம் குழாய் ஒன்றைக் கொடுத்திருக்கவில்லை. இதை எப்படிப் போய் அவளிடம் சொல்வது? சொன்னால் அந்தத் தாய் மிச்ச நாளை எப்படிக் கழிப்பாள்? பழி தன் மேலேயே விழட்டும் என்று எழில்மொழி பொட்டலத்தை ஸ்வெட்டருக்கு அடியில் வைத்துவிட்டாள்.

சத்தியம் வாங்கிய அன்று விடிந்ததிலிருந்தே காற்றில் ஏதோ கருகிய வாடை. தொழிற்சாலைகள் சூழ்ந்த விம்கோ நகரில் அது புதிதில்லை. எழில்மொழி ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருந்தாள். இருந்தும் ஒன்பது மணிக்குக் கீர்த்தி இரும ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் இருமல் நின்று, நெஞ்சில் விசில் சத்தம் கிளம்பியது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது.

தாயம்மா ஓடிப்போய் மிஷினில் மருந்தை ஊற்றிப் போட்டாள். அது இரண்டு நிமிடம் இரைந்தது. பிறகு மிஷினும் மேலே ஓடிய ஃபேனும் ஒன்றாக நின்றன.

“ஐயோ, கரண்டு போச்சே!” தாயம்மா சுவிட்சை மேலும் கீழும் தட்டினாள். “என் கண்ணு… கொஞ்சம் பொறுத்துக்கடா…”

எழில்மொழி குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு மணி ஆட்டோவைக் கிளப்பினான். தாயம்மா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறிய கொஞ்ச தூரத்திலேயே ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால், பின்னால், பக்கத்தில், எங்கு பார்த்தாலும் கன்டெய்னர் லாரிகள்.

“அக்கா… அங்க ஒரு டிரெய்லரு குறுக்க நின்னுகினு கீது. ஆட்டோ பூர வழியில்லக்கா!” மணி ஹாரனை விடாமல் அடித்தான்.

கீர்த்தி எழில்மொழியின் கழுத்தைப் பிடித்திருந்தாள். “ம்… மா… மூச்… சு…” அதற்கு மேல் சொல்ல அவளால் முடியவில்லை. உதட்டோரம் நிறம் மாறிக்கொண்டு வந்தது. எழில்மொழி தாயம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, அத எடுங்க.”

“இன்னாத்த?”

“பம்ப்ப எடுங்க அண்ணி!”

தாயம்மா பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “இப்பத்தானேடி சத்தியம் பண்ணே? புள்ள தல மேல பண்ணே! மீறுனா இன்னா ஆவும்னு தெரியாதா? என் கண்ணெதிர இன்னொரு புள்ள போவணுமா?”

எழில்மொழிக்கும் அதே பயம்தான். காலையில் அந்தத் தலையில் வைத்த கை இன்னும் சுடுவது போலிருந்தது. சத்தியம் பலித்துவிட்டால்…? ஆனால் மடியில் கிடந்த குழந்தையின் கண்கள் செருக ஆரம்பித்திருந்தன.

“மீறுனதுக்கு வர்றது என் தலயில வரட்டும்! குடு அண்ணி!”

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவள் தாயம்மாவிடம் ‘குடுங்க’ என்றல்லாமல் ‘குடு’ என்று சொன்னதே இல்லை. தாயம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். பிறகு, பைக்குள் கையை விட்டுத் துழாவ முடியாமல், பையையே அவள் மடியில் கவிழ்த்துவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

எழில்மொழி பம்ப்பைக் குலுக்கிக் குழாயில் செருகினாள். முகமூடியை மகளின் முகத்தில் அழுத்தினாள். ஒரு முறை அமுக்கினாள். “ஒண்ணு… ரெண்டு… மூணு…” ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில், அடுத்த மூச்சு வராமல் போய்விடுமோ என்று அவள் மகளின் நெஞ்சையே பார்த்தாள். பத்து. மறுபடி அமுக்கினாள். “ஒண்ணு… ரெண்டு…”

மணி கீழே இறங்கி லாரிக்காரர்களைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். நான்கைந்து பேர் ஓடி வந்து, சாலை நடுவில் இருந்த இரும்புத் தடுப்பை இழுத்து ஒதுக்கி, ஆட்டோ எதிர்ப்பக்கச் சாலைக்குப் போக வழிவிட்டார்கள். ஐந்தாவது முறை அமுக்கியபோது கீர்த்தி இருமினாள். பிறகு, முகமூடியைத் தள்ளிவிட்டு வீறிட்டு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டு எழில்மொழியும் அழுதாள். அழுவதற்காவது மூச்சு வந்துவிட்டதே!

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் அம்மாள் வெளியே வந்தார். “பயப்படாதீங்க, இப்ப பரவாயில்ல. இன்னிக்கு முழுக்க இங்க இருக்கட்டும். வழியிலயே பம்ப்பு குடுத்தது யாரு?”

“நான்தாங்க.”

“நல்ல வேல பண்ணீங்க. குழாயோட குடுத்தீங்க பாருங்க, அதான் உள்ள போயிருக்கு. நேரா வாயில அடிச்சிருந்தா இவ்ளோ சின்னப் புள்ளைக்குப் பாதி கூடப் போயிருக்காது.”

அவர் போய்விட்டார். எழில்மொழிக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. தாயம்மா சுவரோரமாக மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, வியர்வையில் நனைந்த சட்டையோடு குணசேகரன் ஓடி வந்தான். நடந்ததை மணி போனில் சொல்லியிருந்தான். “சத்தியம் பண்ணிட்டு மீறிட்டியாமே! அக்கா வார்த்தைக்கு இதான் மரியாதியா? புள்ளைக்கு மட்டும் எதுனா ஆயிருந்தா…”

“வாய மூட்றா!”

தாயம்மாவின் குரல் வராந்தா முழுவதும் எதிரொலித்தது. “அவ மீறுனதாலதான்டா உன் புள்ள உள்ள உசுரோட கீது! இவள ஒரு வார்த்த பேசுனே… அப்பால என்னை அக்கான்னு கூப்புடாத. போ, புள்ளயப் போய்ப் பாரு!”

அவன் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

 தாயம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“உனக்கு முன்னயே தெரியுமா?”

எழில்மொழி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாய் வரவில்லை.

“நர்சம்மா சொன்னாங்க அண்ணி.”

“அத என்கிட்ட சொல்ல முடியாமத்தான் ஒளிச்சு வச்சியா? அவ்ளோ திட்டு திட்டுனேனே… சத்தியம் வாங்குனேனே… அப்பயும் நீ சொல்லலியே…” தாயம்மாவின் உதடுகள் கோணிக்கொண்டன. “எழிலு… என் நிலவனுக்கு நான் தப்பா குடுத்துட்டனாம்மே? பதினோரு தபா… எல்லாம் நாக்குலயே பூட்ச்சா?”

“அண்ணி, என்னைப் பாருங்க.” எழில்மொழி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “குழா இருந்திருந்தா பொழச்சிருப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க கையில பம்ப்ப குடுத்தவங்க இப்டிதான் குடுக்கணும்னு ஒரு வார்த்த சொல்லல. நீங்க தெரிஞ்ச வரைக்கும் போராடினீங்க. பெத்தவ வேற இன்னா பண்ணுவா?”

தாயம்மா உடைந்தாள். பன்னிரண்டு வருடமாகப் பம்ப்பின் மேல் கோபமாக இறுகிக் கிடந்தது, எழில்மொழியின் தோளில் அழுகையாகக் கொட்டியது. எழில்மொழி அவளை இறுக அணைத்துக்கொண்டாள். யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று தெரியாமல் இருவரும் அழுதார்கள்.

“நீ சொல்லியிருக்கலாம்மே…” தாயம்மா விம்மலுக்கிடையில் சொன்னாள். “நான் தாங்கியிருக்க மாட்டேன்தான்… ஆனாலும் சொல்லியிருக்கலாம்…”

உள்ளேயிருந்து கீர்த்தியின் குரல் மெலிதாகக் கேட்டது. “அத்தே… தண்ணி…”

தாயம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். எழில்மொழியின் கையை விடாமலேயே எழுந்தாள்.

“வந்துட்டேன்டி, கண்ணு!”