பக்கத்து சீட்டுக்கு அடியில்

டிக்கியில் இருந்த பாஸ் ஸ்பீக்கர் பெட்டி 'தொம்' என்று அடிக்கும்போதெல்லாம் காருக்குள் எரிந்த சிறு விளக்கு மங்கியது. அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் மங்கியது. பாட்டு பாதி தாண்டுவதற்குள் ஆம்ப்ளிஃபயர் அணைந்து போக, தகரக் கூரையில் மழை சொட்டுவது மட்டும் ஷெட்டுக்குள் கேட்டது. இந்தச் சாம்பல் நிறக் கார் இதே கோளாறோடு திரும்பி வந்திருப்பது மூன்றாவது தடவை.

காரில் பாட்டு செட் பொருத்துகிற அவனுக்கு அந்தத் தெருவில் 'மீட்டர்' என்று பெயர். எதற்கெடுத்தாலும் வோல்ட் மீட்டரை எடுத்து வைத்துப் பார்ப்பவன். "கல்யாணத்துக்கு முன்னாடி என் கையில மீட்டர் வச்சுப் பாக்காம விட்டாரே, தப்பிச்சேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாள். இன்றைக்கு அவனுக்கு யார் எதைச் சொன்னாலும் சிரிப்பு வராது.

செட் மாட்டிய அன்று காரின் சொந்தக்காரர் தன் மனைவியோடு வந்திருந்தார். பிறகு பெரிய பெட்டியாக மாற்ற வந்தபோது, அந்த அம்மாள் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தார்; காரைவிட்டு இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு புகாரோடு வந்ததெல்லாம் சொந்தக்காரர் தனியாகத்தான். இன்று மதியம் சாவியை நீட்டியபோது, "அவ பக்கத்துல உக்காந்திருந்த வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்லைங்க. அருமையாப் பாடுச்சு" என்றார். அவர் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அந்த அம்மாள் இப்போது எங்கே என்று கேட்க நா வரை வந்தது. இருந்த எரிச்சலில் கேட்காமல் விட்டுவிட்டான்.

ஷட்டரை இறக்க வந்த மனைவியைப் பிடித்து பக்கத்து சீட்டில் உட்கார வைத்தான். பாட்டு ஓடும்போதுதான் வோல்ட்டேஜ் எங்கே இறங்குகிறது என்று பார்க்க முடியும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முன்னால் ஒரு ஆள் வேண்டும்.

"அக்கா வீட்டுக்குப் போகணும்னு காலையிலேர்ந்து சொல்றேன்."

"அஞ்சே நிமிஷம். பாட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதுல உனக்கென்ன நஷ்டம்?"

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே அவள் செட்டைப் போட்டாள். "கூட்டவா?"

"கூட்டு."

பேட்டரியில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டரை வோல்ட், அசையவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் வைத்தான். ஒவ்வொரு அடிக்கும் பதினொன்றாகி, பத்தரையாகி, பத்துக்கு இறங்கியது. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஐந்தடி தூரத்துக்குள் எங்கோ காணாமல் போகிறது. ஃபியூஸ் புதிது. வயர் போன தடவை அவனே மாற்றிய கட்டைவிரல் தடிமன் செம்பு. அதற்கும் பசி அடங்கவில்லை.

வயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். அங்கே இழப்பே இல்லை. மிச்சம் இருந்தது, கரண்ட் காரின் தகரத்துக்குத் திரும்புகிற எர்த் மட்டும்.

அந்த எர்த்தை நினைத்ததும் அவனுக்கு முகம் சுருங்கியது. வழக்கமாக பெயிண்ட்டைச் சுரண்டி, சுத்தமான தகரத்தில் புதுத் துளை போட்டுத்தான் எர்த் வயரை முடுக்குவான். இந்தக் காரில் சீட்டுக்கு அடியில் ஏற்கனவே ஒரு போல்ட் நின்றது. கம்பெனி போட்டதல்ல, முன்னால் எவனோ எதற்கோ போட்டுவிட்டுப் போனது. எதற்கு வீண் வேலை என்று அதிலேயே கட்டிவிட்டான். வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டியிருப்பான்.

கதவைத் திறந்து, மண்டியிட்டு, அவள் காலருகே தலையை நுழைத்தான். ஈர மிதியடியின் முடை நாற்றம். அதற்கும் அடியில், நாள்பட்ட காய்ச்சல்காரர் படுக்கையில் வருமே, அந்த வாடை. போல்ட்டைத் தொட்டான். வயர் சூடு என்றால் விரலைச் சுடும். இது சுடவில்லை. உள்ளங்கைச் சூடு.

கையை இழுத்துக்கொண்டான். பாழாய்ப்போன துரு, வேறென்ன என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஸ்பேனரைப் போட்டு முடுக்கினான்.

பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த அவள் எப்போது நிறுத்தினாள் என்று அவன் கவனிக்கவில்லை.

"என்னங்க, ஒரு மாதிரி அசதியா இருக்கு."

"இப்பத்தான் உக்காந்தே. அதுக்குள்ளயா?"

"காலு மரத்துப் போச்சு."

"செத்த நேரம் வாய மூடிட்டு இரேன்!" சொன்ன கணமே சங்கடமாக இருந்தது. ஆனாலும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீட்டரில் பத்து. ஒன்பதே முக்கால். நாளைக்கு அந்த மனுஷன் நாலாவது தடவையாக வந்து நிற்பார். மீட்டருக்கே மீட்டர் வைக்கத் தெரியவில்லை என்று தெருவே சிரிக்கும்.

மறுபடி முடுக்கினான். ஒன்பதரை. பாட்டு இழுபட்டு, தேய்ந்து, நிற்கப் போனது. அவனுக்குள் ஏதோ அறுந்தது.

"எங்கேர்ந்து வேணாலும் எடுத்துத் தொலை சனியனே! நிக்காம பாடுனா போதும்!"

காரைப் பார்த்துத்தான் கத்தினான்.

மீட்டர் ஏறியது. பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டரை. நின்றது. 'தொம்' என்று அடித்தது பெட்டி. ஆணி அடித்த மாதிரி எண் அசையவில்லை. இன்னொரு அடி. அசையவில்லை. அப்பாடா! அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

"சரியாயிடுச்சும்மா! எர்த்துதான். நான் அப்பவே நெனச்சேன்!"

அவள் இறங்கி வரவில்லை. கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும், அக்கா வீட்டுக்கு அவனே கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடுவாள். அவள் பாதத்தை விளையாட்டாகத் தட்டிவிட்டு எழுந்தான். பாதம் சில்லென்றிருந்தது. மழைக்காலம்தானே.

வயரை டேப் சுற்றி மூட வேண்டும். அதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றுவது அவன் வழக்கம். தூக்கி நிறுத்திய பானெட்டுக்குப் பின்னால் குனிந்து மைனஸ் வயரைக் கழற்றினான்.

பாட்டு நிற்கவில்லை.

பிளஸ்ஸையும் கழற்றினான். கை வழுக்கியது. பேட்டரியைத் தூக்கி வெளியே எடுத்து, ஷெட்டுத் தரையில் வைத்தான். இரண்டு வயரும் எதையும் தொடாமல் தொங்கின.

தொம்.

சத்தம் முன்பைவிடச் சுத்தமாக இருந்தது. காருக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மங்கவே இல்லை.

அந்த அம்மாளின் மூடிய கண்கள் அவன் நினைவுக்கு வந்தன. சொந்தக்காரரின் ஒட்டிய கன்னம். 'அவ பக்கத்துல உக்காந்திருந்த வரைக்கும்.'

"ஏம்மா... எறங்கு. எறங்கி வா."

பானெட்டை இறக்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. தொம். அவள் முகம் மங்கியது. நிறம் வந்தது. தொம். மங்கியது. வந்த நிறம் கொஞ்சம் குறைவு. தொம்.

"எறங்குடீ!" கதவுக்கு ஓடினான். அவள் கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. சீட்டோடு போல்ட் போட்டு முடுக்கியது போல் இருந்தாள்.

பாட்டுக்கு நடுவே அவள் குரல் கேட்டது. அவள் வாய் அசையவில்லை. குரல் பின்னால், டிக்கியில், பெட்டிக்குள்ளிருந்து வந்தது. இரைச்சலே இல்லாமல், அவ்வளவு தெளிவாக.

"கூட்டவா?"

அவன் வேண்டாம் என்று அலறுவதற்குள், அவள் இன்னொரு கை மெல்ல உயர்ந்து செட்டில் சத்தம் கூட்டும் திருகைத் தொட்டது.