படுக்கையறையில் ஒருவர்

போன் அலறியது.

ஏசி கம்பெனியின் பெண் இன்ஜினியர் எடுத்தாள். மேஜையில் ஒரு புது வீட்டின் வரைபடம். அந்த வீட்டுக்காரர்தான் பேசினார்.

"பெட்ரூமுக்கு ரெண்டு பேர்னு நேத்து சொன்னேன்ல... ஒருத்தர்னு மாத்திக்குங்க."

எவ்வளவு பெரிய ஏசி வேண்டும் என்று முடிவு செய்ய, வெயில் விழும் சுவரையும் படுக்கும் ஆட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மனித உடம்பும் ஒரு சூடுதான்.

"அப்ப மேடம், சார்?"

"அவ இருக்க மாட்டா."

டொக்.

இன்ஜினியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள். எழுந்தாள். காபியை எடுத்து, குடிக்காமலே வைத்தாள். நேற்று அளவெடுக்கப் போனபோது புருஷனும் பெண்டாட்டியும் கீரியும் பாம்புமாக நின்றது கண்ணுக்குள் வந்தது.

இருக்க மாட்டாள் என்றால்...?

வீட்டம்மாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது... போய்க்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

அண்ணனை அழைத்தாள். இன்ஸ்பெக்டர். அன்று விடுப்பு. இதற்கெல்லாம் புறப்பட்டால் நாளைக்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கும் துப்புச் சொல்ல வருவான் என்றான்.

"கிண்டலை வழியில வெச்சுக்கலாம்ணா. கெளம்பு."

கிளம்பினான்.

புது வீடு. பெயின்ட் நெடி. வெறும் ஹாலில் அழைப்பு மணி எதிரொலித்தது...

கதவைத் திறந்தது வீட்டம்மா!

முழுசாக. உயிரோடு.

இன்ஜினியருக்குப் போன உயிர் திரும்பியது. அண்ணன் பார்த்த பார்வையில் ஒரு முழம் கேலி. சாதாரண உடையில் இருந்த அவனை மெஷின் மாட்ட வந்த ஆள் என்றே வீட்டம்மா நினைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டாராம்.

"போன்ல அவர் சொன்ன கணக்கே இருக்கட்டும். ஒருத்தர்தான். அப்புறம்... வெளி மெஷினைப் பெட்ரூம் பால்கனில வைக்க வேணாம். அங்க சாமான் போட்டு அடைச்சிட்டேன்."

நேற்று அந்தப் பால்கனியை அளந்தவள் இவள். காலி. இன்றும் வீட்டுக்குள் ஒரு நாற்காலிகூட வந்து இறங்கவில்லை...

எந்தச் சாமான்?

"அண்ணா... அந்தப் பால்கனிக் கதவு."

பெட்ரூமுக்குள் போய்த் திறந்தான்.

பெயின்டர்கள் விட்டுப்போன தார்ப்பாய். அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டு இரண்டு கால்கள்... வீட்டுக்காரருடையவை.

அண்ணன் போலீஸ் அட்டையை எடுத்துக் காட்டினான். வீட்டம்மா ஓடவில்லை. சுவரில் சாய்ந்தாள்.

"டைவர்ஸாம். நான் வெளிய போகணுமாம். இந்த வீட்ல ஒவ்வொரு டைல்ஸும் நான் பொறுக்கினது. என் எதிர்லயே உங்களுக்குப் போன் போட்டு, ஆள் கணக்குல இருந்து என் தலையை எடுத்தான்... சுத்தியல் கைக்கு எட்டற தூரத்துல கிடந்துச்சு."

தன்னை எங்கே வைப்பார்கள் என்று மெல்லக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் அவளுக்கு வழிவிட்டான்.

"எங்க எடத்துல ஏசியே தேவைப்படாது மேடம். முன்பக்கம் சுவர் கிடையாது... வெறும் கம்பிதான். காத்து பிச்சுக்கிட்டு வரும்."