பேர் இல்லை

ஆபீஸ் ஜீப் மேட்டில் ஏறி நின்றபோது உச்சி வெயில். நானும் பெயிண்டரும் இறங்கினோம். இருபது வருடமாக ஆளில்லாத ஊர். சுவர்களில் வெள்ளம் ஏறிய கோடு என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இன்னும் அழியாமல் இருந்தது.

ஊர்ப் பெயர்ப் பலகையை நட்டோம். வரைபடத்தில் உள்ள பெயரைப் படித்துக் காட்டினேன்: பேரில்லா மேடு.

"பேர் இல்லைங்கறதையே பேரா வச்சவன் பெரிய கில்லாடிதான் சார்," என்று பெயிண்டர் சிரித்தார்.

அந்தக் கில்லாடி நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்கெடுக்க வந்தேன். மேடு ஏறச் சோம்பல். கீழே விறகு சுமந்து வந்த ஓர் அம்மாவை நிறுத்தி ஊர்ப் பேர் கேட்டேன்.

"பேரெல்லாம் இல்லைங்க. மேடுன்னுதான் சொல்லுவோம். மேல முப்பத்தெட்டு பேர் இருக்கோம், எழுதிக்குங்க."

'பேர் இல்லை' என்று கிறுக்கினேன். எண்ணிக்கையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். டைப் அடித்தவர் அதை 'பேரில்லா மேடு' என்று ஊர்ப் பேராக்கி, ஆள் கணக்கும் அதுதான் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டுவிட்டார்.

அச்சுக்குப் போகுமுன் நான் அதைப் பார்த்தேன். திருத்தினால், மேடு ஏறாத குட்டு வெளிப்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மறு வருடம் ஆறு பெருகியது. அந்தக் கணக்கெடுப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் படகு அனுப்பினார்கள். மேட்டுக்கு ஒரு படகும் போகவில்லை. ஒருவரும் மிஞ்சவில்லை. படுபாவி நான்.

பெயிண்டர் கடைசி எழுத்துக்கு வந்தார். காய்ந்த தரையில் திடீரென்று ஈரச் சேற்று வாடை.

"சார்..." திரும்பாமல் கிசுகிசுத்தார். "நாம எத்தனை பேர் வந்தோம்?"

"ரெண்டு பேர்."

"நீங்க முன்னாடி நிக்கறீங்க. அப்ப பின்னாடி பெயிண்ட் டப்பாவைப் பிடிச்சிட்டிருக்கறது யாரு?"

யாருமில்லை.

டப்பா மட்டும் இடுப்பு உயரத்தில் நின்றது.

அவர் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினார். நானும் திரும்பினேன். காதோரம் அதே அம்மாவின் குரல்.

"எழுதிட்டீங்களா?"

"தப்பு என்னோடதுதாம்மா," என்று அழுதேன். "இன்னைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"உங்க பேர்?"

சொன்னேன். டப்பா மெதுவாகத் தரையில் இறங்கியது.

மாலையில் அதிகாரியின் முன் நின்றேன். "போன காரியம் என்னாச்சு?" என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு.

"போர்டு நட்டாச்சு சார்."

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். என் பெயர் இருந்த இடம் ஈரமாக இருந்தது. அதில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: பேர் இல்லை.

டீ கொண்டுவரும் அக்கா தலைகளை எண்ணினார். "எட்டு பேர்."

நாங்கள் ஒன்பது பேர்.

"அக்கா, நான் இருக்கேன்!"

அவர் நிமிரவில்லை. எட்டு டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்.

என் முதுகுக்குப் பின்னால் சேற்று வாடை.

"இப்ப முப்பத்தொன்பது பேர்," என்றது அந்தக் குரல். "எழுதிக்குங்க."