டிக்கியில் ஏறிய தெரு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. அது வெள்ளை நிறம் என்று அப்பா சொல்வார். பல் தேய்க்காத பிள்ளையின் பல் நிறம் என்று அம்மா சொல்வார்.

கடை கடையாகப் போய்ப் பெயிண்ட் விற்பதுதான் அப்பாவின் வேலை. காரின் டிக்கி நிறையப் பெயிண்ட் டப்பாக்கள் இருக்கும். அதனால் காருக்குள் எப்போதும் புதுச்சுவர் வாசனை அடிக்கும். இன்றும் புதிதாக வண்ணம் அடித்த சுவரைக் கடந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

வீட்டில் என்னை ‘ஏன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பேனாம். “ஏன்! சாப்பிட வா!” என்று அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால், வந்திருக்கும் விருந்தாளிகள் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரு விடுமுறை நாளில், டிக்கி காலியாக இருந்தபோது, அப்பா காருக்குப் புது ஹெட்லைட் பல்புகள் மாட்டினார்.

“மாட்டினா மட்டும் போதாது. வெளிச்சம் எங்க விழுதுன்னு பாக்கணும்” என்றார்.

எங்கள் தெரு ஒரு கிடங்கின் நீளச் சுவரில் போய் முட்டி நிற்கும். அப்பா காரைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, விளக்குகள் இருக்கும் உயரத்தை அளந்து, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு காரை இருபத்தைந்து அடி பின்னால் கொண்டுவந்தார். இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டார். வெளிச்சம் கோட்டுக்கு மூன்று விரல் கீழே விழும்வரை, விளக்கின் பின்னால் இருந்த சின்னத் திருகைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“ஏன்பா கீழ விழணும்?”

“மேல போனா எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும்மா.”

“மெக்கானிக் தோத்தாரு போங்க!” என்று அம்மா சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, பொழுது சாயும் நேரம். பாட்டு வகுப்பிலிருந்து அப்பா என்னைக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தார். அன்று இரண்டு கடைகள் மூடியிருந்ததால் டிக்கியில் டப்பாக்கள் அப்படியே இருந்தன.

எதிரே ரொட்டி மாமா சைக்கிளில் வந்தார். பின்னால் பெரிய தகரப் பெட்டி வைத்து, தினமும் சாயங்காலம் எங்கள் தெருவுக்குச் சூடான பன் கொண்டுவருபவர் அவர். உடைந்த பன் இருந்தால், கூட்டத்தில் யார் குள்ளமோ அவருக்கு இலவசம். அதற்காகவே நாங்கள் முழங்காலை மடக்கி நிற்போம்.

திடீரென்று அவர் ஒரு கையால் கண்ணை மறைத்தார். சைக்கிள் ஆடியது. அடுத்த நொடி, சைக்கிளோடு ஓரத்துப் புதருக்குள் விழுந்தார். பன்கள் மண்ணில் உருண்டன.

அப்பா பிரேக் போட்டு இறங்கி ஓடினார். ரொட்டி மாமாவின் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது.

“என்னாச்சு?” என்றார் அப்பா.

“வெளிச்சம் பளீர்னு அடிச்சுது சார். ரோடே தெரியல.”

“என் லைட்டா? இருக்காதே! முந்தாநாள்தான் அளந்து வெச்சேன்.”

ரொட்டி மாமா வாக்குவாதம் செய்யவில்லை. கோணிப்போன சக்கரத்தைப் பார்த்தார். “எதுக்கு வம்பு? நாளையிலேருந்து நான் இந்தப் பக்கம் வரல” என்று மெல்லச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் டப்பாக்கள் எல்லாம் விற்றுவிட்டன. மாலையில் அப்பா காரை மறுபடியும் அதே சுவருக்கு எதிரே, அதே இடத்தில் நிறுத்தி விளக்கைப் போட்டார். வெளிச்சம் கோட்டுக்கு மூன்று விரல் கீழேயே நின்றது.

“பாத்தியா? நம்ம மேல தப்பில்ல” என்றார். ஆனால் குரலில் தெம்பில்லை.

எனக்கு அந்த முழங்கைதான் கண்ணில் நின்றது. மாமா பொய் சொல்கிறவர் இல்லை. சுவரும் பொய் சொல்லாது. அப்படியென்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்?

பள்ளிக்கூடத்துச் சீசா பலகை ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் பாரம் ஏறினால் மறுபக்கம் மேலே போகுமே!

“அப்பா! நேத்து டிக்கி நெறைய பெயிண்ட் இருந்துச்சு. இன்னிக்குக் காலி. பின்னாடி அழுத்தினா மூஞ்சி தூக்காதா?”

“கார் என்ன சீசாவா?” என்று சிரித்த அப்பா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “ஆனா வெச்சுப் பாக்க இப்ப பெயிண்ட் இல்லையே.”

நான் தெருவைப் பார்த்துக் கத்தினேன். “யாருக்கெல்லாம் எங்க கார்ல ஏறணும்?”

இரண்டாவது முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அப்பா கைபிரேக்கை இழுத்துவிட்டு வருவதற்குள் பின்சீட்டில் ஐந்து பேர், திறந்த டிக்கியில் மூன்று பேர். கார் ‘க்ரீச்’ என்று முனகிப் பின்பக்கம் தாழ்ந்தது.

சுவரில் இருந்த வெளிச்சம் பல்லியைப் போல மெல்ல மேலே ஏறியது. கோட்டைத் தாண்டி ஒரு சாண் உயரத்தில் போய் நின்றது. ரொட்டி மாமா சைக்கிளில் வந்தால், நேராக அவர் முகத்தில்தான் அடிக்கும்.

அப்பா திருப்புளியை எடுத்தார். “யாரும் இறங்காதீங்க! இப்படியே சரி பண்ணிடறேன்.”

டிக்கியில் இருந்த, நாங்கள் ‘குண்டூசி’ என்று கூப்பிடும் ஒல்லிப் பையன் தும்மினான். வெளிச்சம் குதித்தது.

“தும்மாதடா!” என்றார் அப்பா.

“தும்மல் கேட்டுட்டா வருது மாமா?”

எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே இறங்கியது. “காலியா போறப்ப வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்துலதான் விழும். மெதுவா ஓட்டிக்கறேன்” என்றார் அப்பா.

உடனே கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். நானும் கூடவே ஓடினேன். ரொட்டி மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“தப்பு என்னோடதுதாங்க” என்றார் அப்பா. “காலி வண்டியில அளந்து வெச்சேன். இப்ப எட்டுப் பசங்களை ஏத்திப் பாத்தோம்; பாரம் ஏறினதும் லைட் தூக்கிக்கிச்சு. நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்.”

ரொட்டி மாமா சக்கரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “எட்டுப் பேரையா ஏத்தினீங்க?” என்றார். அவர் வயிறு குலுங்கியது. “நான் பாக்காம போயிட்டேனே!”

அப்பா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அதை நிமிர்த்தினார்கள்.

அடுத்த வாரம் ஒரு மாலை. டிக்கியில் முழுப் பாரம். எதிரே ரொட்டி மாமா வந்தார். அப்பா வேகத்தைக் குறைத்தார். நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கொஞ்சமும் ஆடாமல், நேராக எங்களைக் கடந்தார். “ரோடும் தெரியுது சார், நீங்களும் தெரியறீங்க!” என்று கத்திவிட்டு மணியை அடித்தார்.

அப்பா வீடு வரும்வரை விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். அவர் விசிலடித்து நான் கேட்டது அன்றுதான். சுருதி கொஞ்சமும் சேரவில்லை. அந்த விசிலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!