உலர் சோதனை

தரை காய்ந்து கிடந்தது. அதில் தண்ணீர் இருப்பதாகச் சுவிட்ச் சொன்னது.

ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த உஷாராணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. படகின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைத் தானாக இறைத்துவிடும் பம்புக்கான சுவிட்ச் அது. தண்ணீர் ஏறினால் அதன் கருப்பு மிதவை தூக்கிக்கொள்ளும், சிவப்பு விளக்கு எரியும், பம்ப் ஓடும். வடிந்தால் மிதவை படுத்துவிடும், பம்ப் நின்றுவிடும். மொத்த வேலையே இவ்வளவுதான். இதை ஒழுங்காகச் செய்கிற ஒரு சுவிட்சைத் தேடித்தான் மழை தொடங்கிய நாளிலிருந்து அவள் அல்லாடிக்கொண்டிருந்தாள்.

வெள்ள மீட்புப் படகுகளுக்குச் சாமான் வாங்கும் அரசுப் பிரிவில் அவள் உதவிப் பொறியாளர். யார் விலை குறைவோ அவருக்குத்தான் ஆர்டர் என்பது அங்கே யாராலும் அசைக்க முடியாத விதி. போன முறை அப்படி வாங்கியவை யமுனையில் இறங்கிய வேகத்திலேயே கைவிரித்துவிட்டன. பூஜை முடிந்த சாமந்தி மாலைகளைப் பாலிதீன் பையில் கட்டிப் பாலத்தின் மேலிருந்து ஆற்றில் வீசுகிற ஊர் இது. அந்த மாலையும் நூலும் படகுக்குள் வரும் தண்ணீரோடு சேர்ந்து வந்து மிதவையைச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் அது எங்கே எழுந்திருக்கும்.

சோதனையில் தோற்ற மாதிரியை மட்டும் விலை பார்க்காமல் கழித்துவிடலாம். தண்ணீரில் போட்டால் ஓட வேண்டும். காய்ந்த இடத்தில் வைத்தால் சும்மா கிடக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆபீஸில் உலர் சோதனை என்று பெயர். பட்டறைக் கூரை ஒழுகியதால் மூன்று கம்பெனி மாதிரிகளையும், ஒரு பம்பையும், பாட்டரியையும் ஜனக்புரி வீட்டுக்கே ஆட்டோவில் தூக்கி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்படிப் போக வேண்டுமென்று அவள் தலையில் எழுதியிருந்தது.

இந்தப் பாடு யாருக்காக என்றால், உள் அறையில் கூலருக்கு எதிரே தரையில் மெத்தை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவன் மதியழகனுக்காக. அவள் சாமான் வாங்கும் படகுகளில்தான் அவன் மீட்பு வேலைக்குப் போகிறான். விடியற்காலையில் நனைந்த பூட்ஸோடு வந்து நின்றவனின் முகம் வெளுத்திருந்தது, இருமிக்கொண்டே இருந்தான்.

"பம்பு ஓடவே இல்ல உஷா. மெதவ சிக்கிக்கிச்சு, கையாலயே எறைச்சோம்," என்றான். "அப்பறம் ஒருத்தர தூக்கப் போயி நானும் முங்கிட்டேன். கொஞ்சம் தண்ணி உள்ள போயிருச்சு."

டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் சொன்னதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"தூங்குனா சரியாயிரும். எழுப்பாத."

அதனால்தான் அவள் சத்தம் போடாமல் வேலை செய்துகொண்டிருந்தாள், அவன் இருமல் காலையிலேயே அடங்கிவிட்டது என்ற நிம்மதியோடு.

முதல் சுவிட்சின் மிதவை அவள் கண்ணெதிரே மெதுவாக எழுந்து நின்றது. விரலால் அழுத்தினாள். படுத்தது. விரலை எடுத்ததும் அவசரமில்லாமல் மறுபடி எழுந்தது. பம்ப் தண்ணீரில்லாமல் கிறீச்சிட்டது. மதியழகன் விழித்துவிடுவானே என்று சட்டென்று அதன் கம்பியைப் பிடுங்கி விளக்கை மட்டும் விட்டுவைத்தாள். விலை குறைந்த மாதிரி அதுதான். கழித்துவிடக் காரணம் கிடைத்ததே என்று ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாவதன் மிதவை கூண்டுக்குள் இருந்தது. அதுவும் எரிந்தது. மூன்றாவதில் அசைகிற பாகமே இல்லை, தண்ணீர் பட்டால் அதுவே உணர்ந்துகொள்ளும், விலையோ மற்ற இரண்டையும் சேர்த்ததற்கு மேல். தரையில் வைத்ததும் அதுவும் எரிந்தது. மூன்றையும் துடைத்தாள், தரையைத் துடைத்தாள், கம்பிகளை மாற்றிக் கட்டினாள், உட்காரும் முக்காலியை இழுத்து அதன் மேல் வைத்தாள். மூன்றும் அணைந்தன. மொசைக் தரையில் ஓதம் ஏறியிருக்கும், மழைக்காலம்தானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு டீ போடப் போனாள்.

அடுப்படியில் நிற்கும்போது கால் சில்லிட்டது. எங்கிருந்தோ ஆற்றுச் சாக்கடை வாடையும் அழுகிய சாமந்தி வாடையும் சேர்ந்து வந்தன. அவன் பூட்ஸாக இருக்கும், பால்கனியில் வைக்கச் சொன்னால் கேட்டால்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே டம்ளரோடு ஹாலுக்கு வந்தாள். முக்காலியின் மேல் மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

மூன்றாவது கம்பெனியின் விற்பனை ஆள் சுரேஷ்குமார் தினமும் போன் போட்டு உயிரை எடுக்கிறவன். இன்று அவளே அவனுக்குப் போன் போட்டாள். மதுரைக்காரன், தமிழிலேயே திட்டலாம். காய்ந்த இடத்தில் எரிகிற சுவிட்சை எந்த முகத்தோடு அரசாங்கத்துக்கு விற்க வருகிறீர்கள் என்று கேட்டாள். அவன் அசரவில்லை. மற்ற இரண்டு கம்பெனியின் மாதிரியும் எரிகிறதா என்று விசாரித்தான். ஆமாம் என்றாள்.

"மூணும் வேற வேற மாதிரி வேல செய்யுது மேடம், ஒண்ணு போல கெட்டுப் போகாது," என்றான். "அங்கன தண்ணி இருக்கு. நல்லாப் பாருங்க."

போனை வைத்துவிட்டாள். கோபம் பொங்கியது. கோபம் மட்டும்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மூன்றாவது சுவிட்சைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அணைந்தது. இப்போது அவள் எதுவும் செய்யவில்லை. எதிரே நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மேகம் கறுத்து வீடு மங்கியது. உள்ளே கூலரின் சத்தம் வழக்கம்போல் கடகடவென்று இல்லாமல், காதில் தண்ணீர் புகுந்தபோது கேட்பது மாதிரி அமுங்கிக் கேட்டது. ஜன்னல் திரையின் கீழ்ப்பகுதி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோம்பலாக அலைந்தது, மேல்பகுதி அசையாமல் தொங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜையில் விளக்கு எரிந்தது.

சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மார்புக்கு மேலே தூக்கினால் அணைந்தது. இடுப்புக்கு இறக்கினால் எரிந்தது. பாட்டரியைத் தோள்பையில் போட்டு மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே போய்ப் பார்த்தாள். அடுப்படியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒரே மட்டம். பால்கனிக்குக் கையை நீட்டினாள். அணைந்தது. உள்ளே இழுத்தாள். எரிந்தது.

வீட்டுக்குள் மட்டும்.

நைட்டியின் ஓரம் கணுக்காலை விட்டு விலகி மெல்ல விரிந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். பயம் வந்தது. நேராக, வெறும் பயம். அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

அவன் தரையில் படுத்திருக்கிறான்.

முதல் சுவிட்சை அவள் தரையில் வைத்தபோது மட்டம் எங்கே இருந்தது? முக்காலியில் வைத்தபோது? டீ போட்டபோது? போனில் சண்டை போட்டபோது? இருமல் எப்போது நின்றது? அவள் கம்பெனிக்காரர்களை ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து அறையில், எப்போது அது அவன் மூக்கைத் தாண்டியது?

"என்னங்க," என்றாள்.

இன்னும் சத்தமாக மறுபடி கூப்பிட்டாள்.

பம்பை எடுத்தாள். குழாயின் ஒரு முனையை இழுத்துப் பால்கனிக் கம்பிக்கு வெளியே போட்டாள். உள் அறை வாசலில், காய்ந்த தரையில், பம்பை வைத்துக் கம்பியைப் பாட்டரியோடு சேர்த்து முறுக்கினாள். பைத்தியக்காரத்தனம் என்று மனது சொன்னது. கிறீச்சிடட்டும், கடவுளே, தண்ணீர் இல்லாமல் கிறீச்சிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அது கிறீச்சிடவில்லை. கனமாக, இதமாக உறுமிக்கொண்டு ஓடியது. தொட்டித் தண்ணீரில் போட்டால் எப்படி ஓடுமோ அப்படி.

கீழ்வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டியின் குரல் பால்கனி வழியாக வந்தது.

"அரே உஷா, ஊபர் ஸே கந்தா பானி கியோன் ஃபேங்க் ரஹீ ஹோ? ஸாரே கப்டே கராப் ஹோ கயே."

மேலிருந்து கொட்டும் அழுக்குத் தண்ணீரில் கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் பாழாகிவிட்டதாம். நாற்றம் தாங்கவில்லையாம். பூவெல்லாம் வருகிறதாம்.

உஷாராணி சுவிட்சைப் பார்த்தாள். கழுத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். எரிந்துகொண்டிருந்தது.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மட்டம் இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.

மெத்தை அவள் காலடியில் இருந்தது. மங்கலில் அவன் உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவனைத் தொட வேண்டுமென்றால் குனிய வேண்டும். குனிந்தால் தன் முகம் அந்த மட்டத்துக்குக் கீழே போகும். குனிய மனம் வரவில்லை. எழுப்பாத என்று சொன்னான். எழுப்பாமல் விட்டாள். நாள் முழுக்க விட்டாள்.

மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

குனிந்தாள்.

காது அடைத்தது. பம்பின் சத்தம் தூரத்துக்குப் போயிற்று. கண்ணைத் திறந்தாள். எரிந்தது. மூடவில்லை.

அவன் மல்லாந்து படுத்திருந்தான். அவன் கழுத்தில் கருப்புக் கயிற்றில் கோத்த தாயத்து, எப்போதும் மார்பில் கிடக்கும் தாயத்து, கயிறு விறைக்கும்வரை மேலே எழுந்து நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

உள்ளிருந்து ஒரு சாமந்தி இதழ் அவன் உதட்டுக்கு வந்தது. அங்கே கொஞ்சம் தயங்கியது. பிறகு கழன்று, அவசரமே இல்லாமல், அவள் முகத்தைத் தாண்டி மேலே போயிற்று.